வேட்டை ரைபிள் எந்த கம்பெனி, எந்த மாடல்? நம்ம பக்கத்து ஆளுங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

நான் நியூசிலாந்து தெக்குத் தீவுல மாட்டுப்பண்ணையில வேலை பாத்துட்டு இப்ப கல்லிடைக்குறிச்சி பக்கம் வாழையோட கெடக்கேன். அங்க லைசென்ஸ் எடுத்து மான் பன்னின்னு வேட்டைக்குப் போனவன்னு ஊருக்குள்ள தெரிஞ்சதுல இருந்து ரெண்டு வகை ஆளு வாராங்க. ஒண்ணு, பன்னி வயலை உழுதுட்டுப் போற கடுப்புல இருக்கவங்க. இன்னொண்ணு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடான்னு போன, போகப்போற நம்ம பயலுவ. ரெண்டு பேரு கேக்குறதும் ஒரே கேள்விதான், எந்த கம்பெனி நல்லதுன்னு. தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

அண்ணாச்சி, சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை வாங்க?

வெளிநாட்டுல இருக்கீங்க, லைசென்ஸ் இருக்கு, மொத ரைபிள், மான் பன்னி சைசு மிருகம்னா டிக்கா டி3எக்ஸ், .308 கேலிபர், அதாவது தோட்டா அளவு. காசு இடிக்குதுன்னா ஹோவா 1500, அதே கேலிபர். ஊருல இருக்கீங்கன்னா வேட்டைக்குன்னு எந்த ரைபிளும் கெடையாது, சட்டம் விடாது, கீழ சொல்லுதேன். ஆனா கம்பெனி பேரு கடைசியா கேக்க வேண்டிய கேள்வி பாத்துக்கிடுங்க. என்ன மிருகம், எந்த ஊரு சட்டம், பக்கத்துக் கடையில எந்தத் தோட்டா கெடைக்கும், உங்க தோளுக்கு எது ஒட்டுது, இந்த நாலுக்கும் பதில் வந்துட்டா மிச்சம் ரெண்டு மூணு மாடல்தான் நிக்கும், அதுல எதை எடுத்தாலும் குத்தமில்ல.

பன்னி எங்க வாழையை நாசம் பண்ணுது, ரைபிள் லைசென்ஸ் தருவாங்களா?

ரைபிள் கஷ்டம். 1959 ஆயுதச் சட்டத்துல பதிமூணாவது பிரிவுல இதைத் தெளிவாவே எழுதிருக்கான், யாரும் வாசிக்கிறதில்ல. பயிர்ப் பாதுகாப்புக்குன்னா மருந்து கெட்டிச்சு சுடுற முன்வாய்த் துப்பாக்கி, அது பத்தாதுன்னு அதிகாரிக்குத் தோணுனா குழலுக்குள்ள வரி இல்லாத, 20 இஞ்சுக்குக் கொறையாத நீளமுள்ள குழல் துப்பாக்கி, அதாவது நம்ம தாத்தாமாரு வச்சிருந்த ஒத்தைக்குழல் இரட்டைக்குழல் சங்கதி. குழலுக்குள்ள வரி வெட்டி குண்டைச் சுழலவிட்டு ரொம்ப தூரம் அனுப்புறதுதான் ரைபிள், அது இந்தக் கணக்குல வராது. ரைபிள் கிளப்புல மெம்பரா இருந்து குறி பாத்துச் சுடுற ஆளுக்கு அந்தப் பிரிவுலயே தனியா வழி இருக்கு.

யோசிச்சுப் பாத்தா அதுல நியாயமும் இருக்கு. ரைபிள் குண்டு குறி தப்புனா கிலோமீட்டர் கணக்குல போவும், நம்ம பக்கம் வயலுக்கு அந்தாண்ட வாய்க்கா, வாய்க்காலுக்கு அந்தாண்ட தெரு, தெருவுல திண்ணையில ஆளு உக்காந்திருக்கும்.

மனு போடுறது கலெக்டர் ஆபீஸ்ல, மாநகர எல்லைக்குள்ளன்னா போலீஸ் கமிஷனர்ட்ட. கடையம், ஆழ்வார்குறிச்சி, சங்கரன்கோவில் ஆளுங்க 2019-ல ஜில்லா பிரிஞ்சதுல இருந்து தென்காசிக்குப் போகணும், இன்னமும் பழக்கத்துல கொக்கிரகுளம் வந்து நிக்காதீங்க. 21 வயசு ஆயிருக்கணும், போலீஸ் விசாரணை உண்டு, துப்பாக்கிய பாதுகாப்பா கையாளத் தெரியும்னு பயிற்சி சர்டிபிகேட் கேப்பாங்க. 2019 திருத்தத்துக்குப் பெறவு ஒரு ஆளு ரெண்டு துப்பாக்கிதான் வச்சுக்கிடலாம், முன்ன மூணு. லைசென்ஸ் காலம் மூணு வருசம் இருந்தது அஞ்சாச்சு. எலக்சன் வந்தா ஸ்டேசன்லயோ துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும், அது தனி அலைச்சல்.

லைசென்ஸ் இருந்தா வயலுக்குள்ள வந்த பன்னிய சுடலாம்லா?

கூடாது. பலபேரு இங்கனதான் மாட்டுதாங்க. துப்பாக்கி வச்சுக்கிட அனுமதி வேற, மிருகத்தைச் சுட அனுமதி வேற. 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்கே தடை, காட்டுப்பன்னியும் அந்தப் பட்டியல்லதான் இருக்கு. லைசென்ஸ் துப்பாக்கிய வச்சு வெடி போட்டு விரட்டுறது ஒரு கத, சுட்டு வீழ்த்துறது வேற கத.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு ஏற்பாடு அறிவிச்சாங்க. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்னிய சுடவே கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் புடிச்சுக் காட்டுல விடணும், மூணு கிலோமீட்டரைத் தாண்டுனா சுடலாம்னு. அதைக் கேட்டுட்டு ஊருக்குள்ள "சர்க்காரே சுடச் சொல்லிட்டு"ன்னு ஒரே பேச்சு. வே, சுடுறது பயிற்சி எடுத்த வனத்துறை ஆளு, நம்ம இல்ல. அதுலயும் பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு அடிவாரத்து வயலெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிக் கெடக்கு, பாதிப்பேருக்கு அந்த மூணு கிலோமீட்டர் கணக்கே ஒத்துவராது. சங்கரன்கோவில் பக்கம் மக்காச்சோளம் போடுறவங்களுக்கு வேணா பிரயோசனப்படும். சேதம் ஆச்சுன்னா போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.ட்ட சொல்லி, ரேஞ்சர் ஆபீஸ்ல நஷ்டஈடு மனு குடுங்க. பன்னி கடிச்சா வெடிக்கிற அவுட்டுக்காய் வைக்கிறது, வேலியில நேரடியா கரண்டு குடுக்கிறது ரெண்டையும் நெனச்சுக்கூடப் பாக்காதீங்க, பன்னிக்கு வச்ச கம்பியில ராத்திரி மடை பாக்கப் போன மனுசன் செத்த கத நம்ம பக்கமே உண்டு.

சரி, இந்தியாவுல லைசென்ஸ்காரங்க வாங்குற ரைபிள்தான் எது எது?

கிளப்பு ஷூட்டரு, தற்காப்பு லைசென்ஸ்காரரு வாங்குறதச் சொல்லுதேன். ரொம்ப வருசமா நம்ம நாட்டுல பேரு எடுத்தது .315 ஸ்போர்ட்டிங் ரைபிள், கல்கத்தா பக்கத்துல இஷாப்பூர் ஃபேக்டரி சரக்கு. வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளம் பாவிச்ச .303 தோட்டாவ சனங்க கையில குடுக்கக்கூடாதுன்னு வச்சிருந்தான், அதனால பழைய பட்டாளத்து லீ என்ஃபீல்டு ரைபிள் மாதிரியே, ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்துத் தள்ளுற போல்ட் வச்சு, வேற தோட்டா போட்டு உண்டாக்குனது இது. இன்னைக்கும் .303 சட்டம் தடைசெஞ்ச குழல் அளவுதான். .315 ரைபிள் முரட்டு சாமான், வேலை நயம் எதிர்பாக்கக் கூடாது, ஆனா சட்டுனு கெட்டுப்போகாது. அதே ஃபேக்டரியில .30-06, .22 ரைபிளும் போட்டிருக்காங்க. என்ட்ட கேட்டா பழகுறதுக்கு .22 போதும், தோட்டா மலிவு, தோள்ல அடியே தெரியாது.

2021 அக்டோபர்ல ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனியாப் பிரிச்சிட்டாங்க. துப்பாக்கி பக்கம் கான்பூர்ல இருக்க அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் கம்பெனி, தோட்டா பக்கம் புனேயில இருக்க மியூனிஷன்ஸ் இந்தியா. பழைய பேரைத் தேடி கடையில முழிக்காதீங்க.

தாத்தா காலத்து வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு லட்சக்கணக்குல வெல சொல்லுதாங்களே, அவ்வளவு உசத்தியா?

உசத்திதான், ஆனா வெல ஏறுனது அதுக்கில்ல. 1980-கள்ல வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிய அடைச்சிட்டாங்க, பேரெடுத்த ஷூட்டருங்க மாதிரி சில பேருக்குத்தான் வழி. அதனால உள்ள இருக்க பழைய பிர்னோ, வின்செஸ்டர், மான்லிச்சர் எல்லாம் கைமாறி கைமாறி வெல ஏறிக்கிட்டே போவுது. சிங்கம்பட்டி ஜமீன் காலத்து வேட்டைக் கத கேட்டு வளந்த ஊரு இது, ஆசை இருக்கத்தான் செய்யும். வாங்குறதுக்கு முன்ன அந்தக் கேலிபருக்கு இப்ப இந்தியாவுல தோட்டா கெடைக்குமான்னு மட்டும் கேளுங்க, பாதிக்கு மேல கெடைக்காது. அப்பா செத்து வீட்டுல துப்பாக்கி இருக்குன்னா பரண்ல போட்டு வைக்கக்கூடாது, ஒப்படைச்சிட்டு வாரிசு பேருல மனு போடணும்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே, அதுல கொக்கு புறா அடிக்கலாமா?

.177 அளவு, குண்டோட சக்தி 20 ஜூலுக்குக் கீழன்னா லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டை வாங்கிட்டுத் தருவாங்க. இந்தியக் கம்பெனியில பிரிசிஹோல் நல்லா பண்ணுதாங்க, பேப்பர்ல ஓட்டை போட அது போதும். பறவை மேல சுட்டா துப்பாக்கி என்னதுன்னு எவனும் கேக்க மாட்டான், வனவிலங்கு கேஸ்தான். மயிலுன்னா அந்தச் சட்டத்துல ரொம்பக் கடுமையான ஒண்ணாம் அட்டவணை, பேச்சே கெடையாது. கொல்லத் தடையில்லன்னு காக்கா, வவ்வா, எலிய வச்சிருந்த பழைய அஞ்சாம் அட்டவணை 2022 திருத்தத்துல போயிட்டு, இன்னும் அதைச் சொல்லிக்கிட்டு நாலு பேரு திரியுதாங்க. நாங்குநேரிக்கு அந்தாண்ட கூந்தன்குளத்துல பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடியே போடாம இருக்காங்க ஒரு ஊரு சனம், அந்த ஜில்லாவுல இருந்துக்கிட்டு இப்பிடி ஒரு கேள்வி.

மாமா, நான் ஆஸ்திரேலியா போறேன், அங்க போன ஒடனே வாங்கலாமா?

ஒடனே முடியாது மாப்ள. 1996-ல போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பெறவு அங்க சட்டம் ரொம்ப இறுக்கம். எதுக்கு வேணும்னு நியாயமான காரணம் காட்டணும், .22 மாதிரி சின்னது ஏ வகை, பெரிய தோட்டா போல்ட் ரைபிள் பி வகை, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூசிலாந்துல லைசென்ஸ் எடுத்துட்டா மானுக்கு சீசன் கெடையாது, அரசாங்க நிலத்துல வேட்டையாட அனுமதி இலவசம், மானும் பன்னியும் அங்க வெளிய இருந்து கொண்டு விட்டது, காட்டை அழிக்குதுன்னு சுடச் சொல்லுவான். கனடாவுல பாதுகாப்பு வகுப்பு முடிச்சுத்தான் லைசென்ஸ், அதுக்கு மேல வேட்டைக்குத் தனி படிப்பு, தனி அட்டை.

தானா லோடு ஆகுற செமி ஆட்டோ பக்கம் போவாதீங்க. ஆஸ்திரேலியாவுல 1996-லயே போச்சு, நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் மசூதியில துப்பாக்கிச்சூடு நடந்த 2019-ல பெரும்பாலும் தடை, கனடாவுல 2020-ல இருந்து ஒவ்வொரு மாடலாத் தடை பண்ணிக்கிட்டே வாராங்க. போல்ட் ஆக்சன் வாங்குனா நாளைக்கு சட்டம் மாறுச்சுன்னு கவலை கொறவு.

கேலிபர் எது? நெட்ல பாத்தா தல சுத்துது.

சுத்தும். அமெரிக்காக்காரன் வருசத்துக்கு ஒண்ணு புதுசா விட்டுக்கிட்டே இருக்கான். கடையில எப்பவும் கெடைக்கிறத மட்டும் பாருங்க.

முயல், நரின்னா .223. சின்ன மான், தோள் அடி தாங்காத ஆளுன்னா .243, அது 1955-ல வந்தது, இன்னமும் நல்லா ஓடுது. மான், பன்னி, எல்லாத்துக்கும் ஒண்ணுன்னா .308, 1952-ல வந்தது, எந்தக் குக்கிராமத்துக் கடையிலயும் தோட்டா இருக்கும். கனடாவுல மூஸ் மாதிரி பெரிய மிருகம் இருக்கு, அங்க .30-06 வச்சிருக்கவன் ரொம்பப் பேரு, 1906-ல பட்டாளத்துக்குன்னு வந்த தோட்டா நூறு வருசம் தாண்டி நிக்குதுன்னா சும்மாவா. 6.5 கிரீட்மோர் 2007-ல வந்தது, அடி கொறவு, தூரத்துல நேராப் போவும், அதுவும் நல்ல சாமான்தான், பயலுவ அத ஏதோ மந்திரத் தோட்டா மாதிரி பேசுறதுதான் எனக்குப் புடிக்கல.

.300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கவான்னு கேக்குறவனுக்கு, வேண்டாம். அந்த அடிக்குப் பயந்து டிரிகரை இழுக்கும்போதே கண்ணை மூடப் பழகிட்டா, அந்தப் பழக்கத்தை மாத்துறது புது ரைபிள் வாங்குறத விடக் கஷ்டம்.

கம்பெனி விசயத்துக்கு வாங்க. டிக்காவா ரெமிங்டனா வின்செஸ்டரா?

டிக்கா பின்லாந்து சரக்கு, சாக்கோ ரைபிள் வார அதே ஃபேக்டரியில பண்ணுறது. போல்ட்டை இழுத்தா வெண்ணெயில ஓடுறாப்புல இருக்கும். 100 கெஜத்துல மூணு குண்டு ஒரு இஞ்சுக்குள்ள விழும்னு கம்பெனியே உறுதி குடுக்கான். எடை மூணு கிலோவுக்கு உள்ள, மலை ஏற சுகம், ஆனா எடை கொறஞ்சா தோள்ல அடி கூடும்ங்கிறத மறக்காதீங்க. எனக்குப் புடிக்காதது ரெண்டு. தோட்டா அடுக்குற மேகசின் பிளாஸ்டிக், தொலைச்சா புதுசுக்கு அநியாய வெல கேப்பான். இன்னொண்ணு, எல்லாக் கேலிபருக்கும் போல்ட் ஓடுற கூடு, அதாவது ஆக்சன், ஒரே நீளம், .223 வாங்குறவன் தேவையில்லாத நீளத்தைத் தூக்கிச் சுமக்கணும்.

சாக்கோ அதே வீட்டு மூத்த பிள்ளை, அழகு கூட, வெல ரொம்பக் கூட. மானுக்கு வித்தியாசம் தெரியப் போறதில்ல.

ஹோவா 1500 ஜப்பான்காரன் பண்ணுறது, வெதர்பி வான்கார்டுன்னு வேற பேருல விக்கிறதும் இவன் ஃபேக்டரியில பண்ணுனதுதான். கொஞ்சம் கனம், அதனாலயே சுடும்போது அடங்கி நிக்கும். போட்ட காசுக்கு இத மிஞ்ச ஆளில்லன்னு நான் சொல்லுவேன், பண்ணையில எனக்கு வேட்டை சொல்லிக்குடுத்த கிழவர் வச்சிருந்ததும் இதான், கட்டையில வார்னிஷ் போயி வெள்ளையடிச்சுக் கெடந்தது, குறி தப்பாது.

ரெமிங்டன் 700 வந்தது 1962-ல, இதுக்கு மாதிரி மாத்து சாமான் வேற எதுக்கும் கெடைக்காது, கட்டை, டிரிகர், பேரல் எல்லாம் வெளியில வாங்கிப் போடலாம். பழசு வாங்குறவங்க மட்டும் ஒண்ணு கவனிக்கணும். 2006-ல இருந்து 2014 வரைக்கும் வந்த எக்ஸ்மார்க் புரோ டிரிகரை கம்பெனியே திரும்பக் கூப்பிட்டான், தானா வெடிக்க வாய்ப்பு உண்டுன்னு. கம்பெனியும் ரெண்டு தடவ திவாலாகி கைமாறுச்சு. சீரியல் நம்பரை வச்சு அந்த டிரிகர் சரிபண்ணுனதான்னு கேட்டுட்டு வாங்குங்க.

வின்செஸ்டர் 70-ல தோட்டாவ ஒரு கொக்கி கவ்வி உள்ள கொண்டுபோவும், பழைய ஜெர்மன் மவுசர் 98-ல இருந்து வந்த யுக்தி. ரைபிளை எப்பிடிச் சாய்ச்சுப் புடிச்சாலும் தோட்டா நழுவாது. ஆப்பிரிக்காவுல எருமை முன்னால நிக்கிறவனுக்கு அது உயிரு, மானுக்கு அவ்வளவு அவசியமில்ல. 1964-ல செலவக் கொறைக்க அந்தக் கொக்கிய எடுத்துட்டான், சனம் காறித் துப்புச்சு, பெறவு திரும்பக் கொண்டுவந்தான். அதான் 64-க்கு முந்துன துப்பாக்கிக்குத் தனி வெல.

சவேஜ் 110, ரூகர் அமெரிக்கன் ரெண்டும் கொறஞ்ச வெல. சவேஜ்ல டிரிகர் இழுவையை நாமளே கூட்டிக் கொறைக்கலாம், இடதுகை ஆளுக்கும் மாடல் உண்டு. ரூகர் அமெரிக்கன்ல பிளாஸ்டிக் கட்டை லேசா வளையும், பாக்க ஒரு லட்சணமும் இல்ல, குண்டு மட்டும் சொன்ன எடத்துல விழும். காசு இல்லாத பயலுவளுக்கு நான் அதையே சொல்லுதேன்.

கடையில கையில எடுத்தா என்னத்தைப் பாக்க?

கண்ணை மூடிக்கிட்டு தோள்ல வச்சு கன்னத்தைக் கட்டையில சாய்ங்க, பெறவு கண்ணைத் தொறங்க. ஸ்கோப்புக்குள்ள, அதாவது மேல மாட்டுற குறி பாக்குற தூரக்கண்ணாடிக்குள்ள, முழு வட்டமும் தெரியணும். கழுத்தை நீட்டவோ தலையைத் தூக்கவோ வேண்டியிருந்தா கட்டை உங்களுக்கு இல்ல. வெள்ளைக்காரன் கை நீளத்துக்குச் செஞ்ச கட்டை நம்ம ஆளுங்க பலபேருக்கு ஒரு இஞ்சு கூடத்தான் இருக்கும், வெட்டிச் சின்னதாக்கித் தருவாங்க, இல்லன்னா இடையில செருகுற துண்டை எடுத்துக் கொறைக்கலாம். இதையெல்லாம் கடைக்காரரு முன்ன போல்ட்டைத் தொறந்து காலியான்னு பாத்துட்டுச் செய்யணும், அத நீங்க செய்யலன்னா நல்ல கடைக்காரரு கையில இருந்து புடுங்கிருவாரு.

மழை கூடுன எடம்னா ஸ்டெயின்லஸ் வாங்குங்க. மரக்கட்டை அழகு, நனைஞ்சா ஊறி பேரலை நெருக்கும்.

ஸ்கோப்புக்கு எவ்வளவு செலவு பண்ண?

ரைபிள் வெலையில பாதிக்குக் கொறையாம ஒதுக்குங்க. 3ல இருந்து 9 மடங்கு, 40 எம்எம் கண்ணாடி, போதும். மான் வாரது விடியக்காலையும் அந்தியிலயும், அந்த மங்கல்ல நல்ல கண்ணாடிக்கும் மட்டமான கண்ணாடிக்கும் வித்தியாசம் பளிச்சுனு தெரியும். அதோட ஸ்கோப்பை ரைபிளோட புடிக்கிற வளையத்துல மிச்சம் புடிக்காதீங்க, குறி தப்புதுன்னு ரைபிளைத் திட்டுறவன்ல பாதிப்பேருக்கு ஸ்க்ரூதான் லூசா இருக்கும்.

மிருகம்தானான்னு பாக்க ஸ்கோப்பைப் பாவிக்கக் கூடாது, அதுக்கு பைனாகுலர். ஸ்கோப் வழியா பாக்கேன்னா குழல் அங்கதான் நீட்டிக்கிட்டு இருக்கு. புதரு அசையுதேன்னு சுட்டு கூட வந்தவனையே கொன்ன சம்பவம் நியூசிலாந்துல நடந்திருக்கு, அதனாலதான் குறி என்னன்னு சந்தேகமே இல்லாமத் தெரியணும்னு அங்க விதியாவே வச்சிருக்கான்.

பழசு வாங்கலாமா?

தாராளமா. பேரல் வாய் விளிம்புல வெட்டு இல்லாம இருக்கணும், உள்ள துரு இருக்கக்கூடாது, சேஃப்டி போட்டு டிரிகரை இழுத்து விட்டுட்டு சேஃப்டிய எடுக்கும்போது டக்குனு சத்தம் வந்தா அந்த ரைபிள் வேண்டாம். எல்லாம் காலித் துப்பாக்கியிலதான் பாக்கணும். வித்தவன் பேருல இருந்து உங்க பேருக்கு முறைப்படி மாத்தாம காசு குடுக்காதீங்க.

அங்க வாங்குனத ஊருக்குக் கொண்டு வரலாமா?

லீவுக்கு வாரவன் பெட்டியில வச்சுக் கொண்டுவார சாமான் இல்ல அது. மொத்தமா ஊரு திரும்புறவனும் மொதல்ல இங்க லைசென்ஸ் எடுத்து, கஸ்டம்ஸ்ல கேட்டு, வரி கட்டி வாரதுக்குள்ள அரை உசுரு போயிரும். நான் அங்கயே முறைப்படி வித்துட்டுத்தான் வந்தேன். அத விட முக்கியம், வேட்டைக்குப் போட்டுட்டுப் போன ஜாக்கெட், தோள்பை எல்லாத்தையும் பெட்டி கட்டுறதுக்கு முன்ன ஒவ்வொரு பாக்கெட்டாக் கவுத்துத் தட்டிருங்க. ஒரே ஒரு தோட்டா மறந்து கெடந்தாலும் திருவனந்தபுரம் ஆனாலும் மதுரை ஆனாலும் ஏர்போர்ட்ல ஸ்கேன்ல தெரிஞ்சிரும், பெறவு ஆயுதச் சட்டத்துல கேஸு, வக்கீலு, வாய்தா, லீவு முழுக்க கோர்ட்டு வாசல்தான்.